ஐஸ் மீன், ஏர் ஃபிரையர், அரை மணி நேரம்

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி, ஸ்டாண்டில் விட்ட வண்டியை எடுத்துக்கொண்டு விருதம்பட்டு வீட்டுக்கு வந்து சேர எட்டேகால், எட்டரை ஆகிவிடும். சென்னைக்கு சீசன் டிக்கெட்டில் தினமும் போய் வருகிறவன் நான். மனைவி நர்ஸ். வாரத்தில் மூன்று நாளாவது அவளுக்கு மதிய ஷிப்ட் வரும். வீடு திரும்ப ஒன்பதைத் தாண்டும். அந்த மூன்று நாளும் அம்மா சோறும் ரசமும் வைத்துவிடுவார். "தொட்டுக்க நீ ஏதாவது பண்ணிக்கோ" என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம்.

இரண்டு வருஷமாக அந்த ‘ஏதாவது’ பெரும்பாலும் ஃப்ரீசரில் இருக்கிற மீன்தான். எடுத்த எடுப்பில் நன்றாக வந்துவிடவில்லை. முதல் நாள், பையிலிருந்து வஞ்சிரம் துண்டுகளைக் கல்லு மாதிரி எடுத்து, அதன் மேலேயே மசாலாவைத் தடவி, 200 டிகிரியில் 15 நிமிடம் வைத்தேன். தடவும்போதே மசாலா ஒட்டாமல் வழுக்கியது. அதைப் பார்த்தும் புத்தி வரவில்லை. திறந்தால், மசாலா முழுக்கக் கூடைக்கு அடியில் சிவப்புத் தண்ணீராகத் தேங்கி நிற்கிறது. மேலே மீன் வெளுத்துப்போய்ப் பத்தியச் சாப்பாடு மாதிரி கிடக்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, இட்லிக் குண்டான்ல வெச்ச மாதிரி கீது" என்றார்.

யோசித்துப் பார்த்தால் நடந்ததும் அதுதான். மீன் வறுபடவில்லை, அவிந்திருக்கிறது. ஏர் ஃபிரையர் என்பது மேலே ஒரு ஹீட்டர் சுருளும் ஒரு ஃபேனும் வைத்து, சூடான காற்றைக் கூடைக்குள் சுழற்றி அடிக்கிற சின்ன அடுப்பு. மீனின் மேல் ஈரம் இருக்கிறவரை அந்தச் சூடெல்லாம் ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிவிடும். தண்ணீர் இருக்கிற இடத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது; மசாலா சிவந்து முறுகுவதற்கு அது போதாது. பாக்கெட்டில் வரும் மீனுக்கு, காய்ந்து போகாமல் இருக்க மெல்லிய ஐஸ் பூச்சு வேறு கொடுத்திருப்பார்கள். ஒரு தடவை அரைக்கிலோ பாக்கெட்டை ஐஸ் போனபிறகு தராசில் வைத்துப் பார்த்தேன், 430 கிராம் இருந்தது. மீதி எழுபது கிராமும் கூடைக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே பாருங்கள். இந்தச் சமையலில் முக்கால்வாசி வேலை தண்ணீரை விரட்டுவதுதான். மசாலா அப்புறம்.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு ‘ஐஸ் மீனா?’ என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. நமக்குக் கடல் எங்கே இருக்கிறது? சென்னைக் கடற்கரையே 140 கிலோமீட்டர் சுமார். மார்க்கெட்டில் புது மீன் என்று வெட்டித் தருவதும் பெட்டியில் ஐஸ் கொட்டி ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் வந்ததுதான். போதாததற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த மாதங்களில் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பியவன் நான். அதனால் பிப்ரவரி, மார்ச்சிலேயே கொஞ்சம் வாங்கி ஃப்ரீசரில் போட்டு வைக்கிற பழக்கம் வந்துவிட்டது.

பாக்கெட் வாங்கினால் தடவிப் பாருங்கள். துண்டுகள் தனித்தனியாக உருள வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக இருந்தாலோ, பைக்குள் பனித்தூள் கொட்டிக் கிடந்தாலோ, எங்கேயோ வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஓரம் வெளுத்து அட்டை மாதிரி காய்ந்திருந்தால் அந்த இடம் வெந்தாலும் நார் நாராகத்தான் இருக்கும். துண்டு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கனம் இருப்பது நல்லது. அதைவிட மெல்லியதாக இருந்தால் மேலே சிவப்பதற்குள் உள்ளே வறண்டுவிடும்.

நான் அதிகம் செய்வது வீட்டில் உறையவைத்த மீன். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் வெட்டி வாங்கி வந்து, கழுவி, ஜல்லடையில் பத்து நிமிடம் வடியவிட்டு, பழைய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, ஜிப் பையில் ஒரே அடுக்காகப் பரப்பிவிடுவேன். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் வேலைநாள் ராத்திரியில் பிரிக்க முடியாது. ஒரு முறை கத்தியால் நெம்பப் போய் என் கையில்தான் தையல் போட்டார்கள். பைக்குள் இருக்கிற காற்றை அழுத்தி வெளியேற்றி, மார்க்கரால் தேதி எழுதுங்கள். வஞ்சிரம், சங்கரா, கொடுவா மூன்று நான்கு மாதம் தாராளமாகத் தாங்கும். கானாங்கத்தை, மத்தி மாதிரி எண்ணெய் மீனை இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. கொழுப்பு சிக்கு வாசனை அடித்துவிடும்.

ஐஸை இறக்குவது எப்படி

காலையில் ஆறரை மணி ரயிலுக்குக் கிளம்பும் முன் செய்கிற ஒரே வேலை இதுதான். பையை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஒரு குழித் தட்டில் வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் தள்ளிவிடுவேன். ராத்திரி வரும்போது ஐஸ் விட்டிருக்கும், மீன் சில்லென்றே இருக்கும். காற்று உறிஞ்சிய வேக்யூம் பாக்கெட்டாக இருந்தால் வைக்கும்போதே ஒரு மூலையைக் கத்தரித்துவிடுங்கள். காற்றே இல்லாத பைக்குள் வளர்ந்து விஷம் சுரக்கிற கிருமி ஒன்று உண்டு. காற்று பட்டால் அதற்கு வேலை இல்லை.

மேடைமேல் வைத்துவிட்டுப் போகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மே மாதம் நம்மூரில் நாற்பதைத் தாண்டுகிற வெயிலில் சமையலறை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் கானாங்கத்தை, சூரை மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்று ஒன்று சேர்ந்துவிடும். முகம் சிவந்து தடிப்புத் தடிப்பாக வரும். அது வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது.

காலையில் மறந்துவிட்டதா, மூடிய பையைத் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள், நடுவில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். இதில் ஒரு உள்ளூர்ச் சிக்கல் இருக்கிறது. கோடையில் மாடி டேங்க்கிலிருந்து குழாயில் வருவது தண்ணீர் இல்லை, கொதிநீருக்குத் தம்பி. ராத்திரி எட்டு மணிக்கும் சூடு ஆறியிருக்காது. அதில் போட்டால் மீனின் மேல்பாகம் பிசுபிசுத்துப் போய், உள்ளே கல்லாகவே இருக்கும். குடிநீர் கேன் தண்ணீரோடு ஃபிரிட்ஜ் தண்ணீர் ஒரு பாட்டில் கலந்துகொள்ளுங்கள்.

ஐஸ் விட்டபிறகு துடைக்க வேண்டும். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் என் மைத்துனன் கேட்கவே மாட்டான், பிறகு "உன் மிஷின் சரியில்லை" என்று போன் செய்வான். ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து, டிஷ்யூவாலோ துணியாலோ இரண்டு பக்கமும், தோல் ஓரமும், நடு முள்ளைச் சுற்றியுள்ள குழியும் ஒற்றுங்கள். அந்தக் குழியில்தான் தண்ணீர் ஒளிந்திருக்கும். விரலால் தொட்டால் வழுக்கக் கூடாது, லேசாக ஒட்ட வேண்டும். அந்தப் பதம் வந்தால் பாதி ஜெயித்த மாதிரி.

நேரடியாக ஃப்ரீசரிலிருந்து

தண்ணீரில் போடக்கூட நேரமில்லாத நாளும் வரும். ரயில் அரக்கோணத்தில் நின்று நின்று வந்த ஒரு நாள், வீட்டில் நுழையும்போதே மணி ஒன்பதரை. அன்றைக்குப் பிடித்த வழி இது. மசாலா எதுவும் போடாமல், உறைந்த துண்டுகளை அப்படியே கூடையில் பரப்பி, 180 டிகிரியில் ஆறு நிமிடம் வையுங்கள். பிறகு கூடையைத் தூக்கிவிட்டு டிராயரைப் பாருங்கள், கலங்கிய தண்ணீர் அரை டம்ளர் நிற்கும். அதைக் கொட்டிவிடுங்கள். மீனை இடுக்கியால் தட்டுக்கு எடுத்து, மேலாக ஒற்றி, இப்போது மசாலாவைக் கெட்டியாகப் பூசுங்கள். பாதி சூடான மீனில் மசாலா நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. மறுபடி 200 டிகிரியில் எட்டு நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பிப்போட வேண்டும். ஊறவைத்த மீனின் ருசி வராதுதான், உப்பு உள்ளே இறங்கியிருக்காது. மேலே எலுமிச்சை பிழிந்து, அன்றைக்கு மசாலாவில் உப்பை ஒரு சிட்டிகை கூட்டிப்போட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

மசாலா

அரைக்கிலோ மீனுக்கு என் கணக்கு: மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், மல்லித்தூள் ஒன்று, மஞ்சள்தூள் அரை, மிளகுத்தூள் அரை, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை, உப்பு முக்கால், அரை எலுமிச்சம்பழச் சாறு, அரிசி மாவு ஒரு டேபிள்ஸ்பூன், கடலை எண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன். தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். எலுமிச்சை ஈரமே போதும். தோசைக்கல்லில் வறுக்கும்போது மசாலா கொஞ்சம் இளகலாக இருந்தாலும் எண்ணெய் பார்த்துக்கொள்ளும்; இங்கே இளகலாக இருந்தால் ஒழுகிவிடும்.

எண்ணெயை மசாலாவிலேயே கலக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணெயே இல்லாமல் செய்யலாம் என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பி ஒரு வாரம் செய்து பார்த்தேன். மிளகாய்த்தூள் பச்சை வாடை போகாமல், செங்கல் பொடி தூவின மாதிரி மேலே உட்கார்ந்திருந்தது. காற்று அடித்து அடித்து ஓரத்தில் கருகியும்விட்டது. மிளகாயின் நிறமும் மணமும் எண்ணெயில்தான் இறங்கும். ஒன்றரை ஸ்பூனுக்கு மேல் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

கறிவேப்பிலையை மேலே தூவாதீர்கள். ஃபேன் காற்றில் பறந்து போய் ஹீட்டர் சுருளில் ஒட்டிக் கருகும். பொடியாக நறுக்கி மசாலாவோடு பிசைந்துவிடுங்கள். வெந்தபின் தாளித்துக் கொட்டினாலும் சரி. இதே கதைதான் வெண்ணெய்த்தாளுக்கும். கூடையைக் காலியாகச் சூடேற்றும்போது தாளைப் போட்டு வைத்தேன், ஒரு நிமிடத்தில் அது எழும்பி மேலே ஒட்டி, வீடு முழுக்கக் கருகல் நாற்றம். தாள் போடுவதானால் மீனைப் பாரமாக மேலே வைத்தபிறகுதான்.

பிசறிய மீனைப் பத்து நிமிடம் வையுங்கள். சீக்கிரம் வெளியே எடுத்துவிட்டோமே, அரை மணி ஊறட்டும் என்று நினைத்தால் உப்பு மறுபடி தண்ணீரை வெளியே இழுக்கும். அப்படி ஊறியிருந்தால் தட்டில் தேங்கினதை வடித்துவிட்டு, அரிசி மாவு இன்னும் ஒரு ஸ்பூன் தூவிக்கொள்ளுங்கள்.

இந்தப் பத்து நிமிடத்திலேயே காலிக் கூடையை 200 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கிவிடலாம். சூடான கம்பியில் பிரஷ்ஷால் எண்ணெய் தொட்டு, உடனே மீனை வைத்தால் ஒட்டாது. துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி வேண்டும். காற்று போக வழி இல்லையென்றால் மறுபடி இட்லிக் குண்டான்தான். என் நாலு லிட்டர் கூடையில் நாலு வஞ்சிரம் துண்டுதான் பிடிக்கும். ஆறு நிமிடம் திறக்காதீர்கள், தொடாதீர்கள். அதற்கு முன் திருப்பினால் மசாலா கம்பியோடு வந்துவிடும். பிறகு திருப்பிப்போட்டு மூன்று நான்கு நிமிடம். இரண்டாவது ஈடு எப்போதும் ஒரு நிமிடம் முன்னாலேயே ஆகிவிடும், கூடை அவ்வளவு காய்ந்திருக்கும். கனமான இடத்தில் கத்தி முனையை நுழைத்துத் திருகினால் சதை வெள்ளையாக அடுக்கு அடுக்காகப் பிரிந்து, முள்ளை விட்டு வர வேண்டும். கண்ணாடி மாதிரி தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு, நடுவில் 63 டிகிரி.

கரண்ட் விஷயம்

யாரும் எழுதாததால் எழுதுகிறேன். போன மே மாதம் இதே கணக்கில் வைத்த மீன் தொடர்ந்து மூன்று நாள் வேகாமல் வந்தது. மீனைச் சந்தேகப்பட்டேன், மிஷினைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் தெரு முழுக்க ஏசி ஓடுகிற நேரத்தில் எங்கள் வீட்டில் வோல்டேஜ் 180-க்கு இறங்கியிருக்கிறது. 230-இல் 1500 வாட் தருகிற ஹீட்டர் 180-இல் 920 வாட் அளவுதான் தரும், ஐந்தில் இரண்டு பங்கு போச்சு. உள்ளே குறித்த சூடு ஏறவே நேரமாகும், டைமர் பாட்டுக்கு ஓடிவிடும். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிற நாளில் முன்சூட்டை எட்டு நிமிடமாக்கி, மீனுக்கு மூன்று நிமிடம் கூட்டிக்கொள்கிறேன்.

அப்புறம், மிக்ஸி போடுகிற சின்ன பிளக்கில் இதை மாட்டாதீர்கள். 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். அது ஆறு ஆம்பியர் சாக்கெட். பழைய வாடகை வீட்டில் அடாப்டர் போட்டு ஓட்டி, சாக்கெட் உருகி முகம் பழுப்பாகிவிட்டது. ஃபிரிட்ஜுக்கோ கிரைண்டருக்கோ போட்ட பவர் பிளக்கில் தனியாக மாட்டுங்கள். மிஷினின் முதுகுப்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு, ஜன்னலோரம் வைத்தால் மீன் வாசனை ஹாலுக்கு வராது.

மற்ற மீன்கள்

பாசா துண்டு முள் இல்லாதது, எங்கள் சின்னவன் அதைத்தான் கேட்பான். ஆனால் அத்தனை தண்ணீர் வேறு எதிலும் இல்லை. துணியில் சுற்றி லேசாக அழுத்தி எடுத்து, மசாலாவுக்கு மேல் ரவையில் புரட்டுங்கள். ரவையின் மேல் எண்ணெய் தொடவில்லை என்றால் வெந்தபிறகும் வெள்ளையாகப் பல்லில் நறநறக்கும். பிரஷ்ஷால் ஒரு தடவு தடவுங்கள். பஜ்ஜி மாவு மாதிரி கரைத்துத் தோய்க்கிற எதுவும் இந்த மிஷினில் நடக்காது, மாவு கூடைக் கம்பி வழியாகச் சொட்டிவிடும். ரொட்டித்தூள் ஒட்டி விற்கிற ஃபிஷ் ஃபிங்கருக்கு ஐஸ் விடவே கூடாது, விட்டால் தூள் கழன்றுவிடும். ஃப்ரீசரிலிருந்து நேராக 200 டிகிரி, பத்துப் பன்னிரண்டு நிமிடம், அவ்வளவுதான்.

அம்மா குடியாத்தம் பக்கம், ஏரி மீன் தின்று வளர்ந்தவர். ஊரிலிருந்து யாராவது ஜிலேபி மீன் கொண்டு வந்தால் அதுவும் ஃப்ரீசருக்குத்தான் போகும். ஏரி மீனின் மண் வாடைக்கு அவர் வைத்தியம், கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவி, புளிக்கரைசலில் கால் மணி நேரம் போடுவது. புளிப்பு பட்டால் அந்த வாடை அடங்கும். முழு ஜிலேபிக்கு இரண்டு பக்கமும் மூன்று கீறல் போட்டு, மசாலாவை அதற்குள் திணித்து, 190 டிகிரியில் 14 நிமிடம். வால் கருகிவிடும், அதை நாங்கள் மொறுமொறுவென்று தின்றுவிடுகிறோம். களிக்கு இது வஞ்சிரத்தைவிட நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கட்சி.

மீதமானால் மறுநாள் 160 டிகிரியில் மூன்று நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் கருவாடு. கூடை ஆறியபின் வெந்நீரும் பாத்திரச் சோப்பும் ஸ்பாஞ்சும். கம்பி நார் பட்டால் கறுப்புப் பூச்சு போய்விடும். வாடை போகவில்லை என்றால் டிராயரில் எலுமிச்சைத் தோலும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு 180-இல் நாலு நிமிடம் ஓட்டுங்கள்.

கழுவுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஈரம் எல்லாம் முதலிலேயே போய்விட்டால் டிராயர் அடியில் தேங்குவது தண்ணீர் இல்லை, மீன் கொழுப்பும் மசாலா உதிரியும் கலந்த சிவப்பு எண்ணெய், இரண்டு ஸ்பூன் இருக்கும். அம்மா அதைக் கழுவ விடுவதில்லை. வறுத்த சட்டியில் சோறு போட்டுப் பிரட்டுகிற மாதிரி, டிராயரை மேடைமேல் வைத்து, ஒரு கரண்டி சுடுசோறு போட்டு, மூலை மூலையாகத் துழாவி, ஆளுக்கு ஒரு உருண்டை பிடித்துக் கொடுப்பார். பெரியவள் கையை நீட்டிக்கொண்டு முதலில் நிற்பாள். எவர்சில்வர் கரண்டியால் மட்டும் சுரண்ட வேண்டாம் என்று சொல்லி, மரக் கரண்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.